கரீம் பாயின் தூண்டிலும் தெருக்கூட்டும் வண்டியும்

போன மாதம் நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் தோழியின் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். உலகத்தில் யாரோ எங்கேயோ கண்டுபிடிக்கும் இயந்திரங்களுக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு பேடன்ட் விண்ணப்பம் தயாரிக்கிறார்கள். "எங்க எஸ்தர் ஆன்ட்டி அந்தக் காலத்திலேயே இந்த வேலை பார்த்தவங்க" என்று அவள் சொல்லப்போக, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை ஒரு அறையில் உட்காரவைத்துச் சுற்றிலும் கூடிவிட்டார்கள்.

திரையில் ஒரு பம்பின் படம் இருந்தது. விரலை நகர்த்தினால் அது திரும்பி முதுகைக் காட்டியது. இன்னொரு தட்டு தட்டினால் வயிற்றைத் திறந்து காட்டியது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

"தப்பா கோடு போட்டுட்டா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பிளேடால சுரண்டுவோம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நிஜமாகவே பிளேடுதான், ஆண்கள் சவரம் செய்துகொள்கிற பிளேடு. மை காய்ந்த பிறகு, படம் போடுகிற டிரேசிங் துணி கிழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்ட வேண்டும். பிறகு நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி அதன் மேல் புதுக் கோடு போட வேண்டும்.

"உங்களால மறக்க முடியாத கேஸ் எது?" என்று இன்னொருவர் கேட்டார்.

"தெருக்கூட்டும் வண்டி கேஸ்" என்று ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் பிரியாணி வந்துவிட்டது. ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும்தான் எழுந்தேன். அங்கே பாதியில் நின்றதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

அப்பா தாம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். என்னையும் டீச்சராக்குவது என்பது வீட்டில் முடிவான விஷயம். நான் டிராயிங் படித்துவிட்டு வந்து நின்ற நேரத்தில், சர்ச்சில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருகிறவர் ஒருவர், "நேர்க்கோடு நேராப் போடத் தெரிஞ்ச ஆள் வேணுமாம்" என்று சொன்னார். அறுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்த கதை அவ்வளவுதான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு அரிசிக் கடைக்கு மேலே, ஒற்றை அறை ஆபீஸ். படியேறும்போதே தவிட்டு வாசனை வரும். மழைக்காலத்தில் கூடவே வண்டும் வரும்.

முதலாளி சுந்தரேசன் சார். ரயில்வே பட்டறையில் இஞ்சினியராக இருந்துவிட்டு வெளியே வந்து பேடன்ட் ஏஜென்ட் ஆனவர். ஒருவர் புதிதாக ஒரு இயந்திரம் கண்டுபிடித்தால், அவரைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் சில வருஷங்களுக்குக் கொடுக்கிற உரிமைதான் பேடன்ட். அது கிடைக்க, இயந்திரத்தை எழுத்தால் விளக்க வேண்டும், அதற்கு இசைவாகப் படமும் போட வேண்டும். எழுத்து சாருடையது, படம் என்னுடையது. இரண்டும் தபாலில் கல்கத்தா பேடன்ட் ஆபீசுக்குப் போகும்.

படத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. கறுப்பு மை மட்டும்தான், வர்ணம் கூடாது. அளவு எழுதக் கூடாது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு எண். ஒரு சக்கரம் முதல் படத்தில் ஏழு என்றால் கடைசிப் படம் வரைக்கும் அது ஏழுதான். முதல் வருஷம் முழுவதும் நான் சுரண்டினேன் என்று சொன்னால் போதும்.

சாரின் பழக்கம் ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பாளர் தன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து மேஜை மேல் வைப்பார். சார் உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

"சொல்லுங்க."

"இதோ பாருங்க சார், இந்தக் கைப்பிடியை..."

"நான் பார்க்கல. சொல்லுங்க."

வந்தவர் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார். நான் மேஜையைப் பார்ப்பேன். கல்கத்தாவில் விண்ணப்பத்தைப் படிக்கப்போகிற அதிகாரிக்கு இயந்திரம் கண்ணில் படாது, வார்த்தை மட்டும்தான் போய்ச் சேரும் என்பது சாரின் கட்சி. வார்த்தையைக் கேட்டே அவர் மனசுக்குள் அந்த இயந்திரத்தைக் கட்டி முடிப்பார். கட்ட முடிந்தால் திரும்புவார். முடியாவிட்டால், "இன்னொரு தடவை" என்பார். ஒருவர் கோபித்துக்கொண்டு மாவரைக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போயே விட்டார்.

இரண்டாவது, அவருக்குப் புகழுரை ஆகாது. 'அற்புதமான', 'மிக எளிய', 'மலிவான' என்று எது கண்ணில் பட்டாலும் சிவப்புப் பென்சில் அதன் மேல் ஓடும். இயந்திரம் என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது, அவ்வளவுதான் வேண்டும். மூன்றாவது, எல்லாருக்கும் மிஸ்டர், மிஸ், மிஸஸ் உண்டு. கீழே மூட்டை தூக்குகிறவரும் மிஸ்டர்தான்.

கண்டுபிடிப்பாளர் எதன் மேல் உரிமை கேட்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில், முற்றுப்புள்ளி இல்லாமல், 'சொல்லப்பட்ட சக்கரம்', 'சொல்லப்பட்ட அச்சு' என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். அந்த வியாதி எனக்கும் தொற்றியது. ஒரு நாள் வீட்டில், "சொல்லப்பட்ட ரசத்தில் சொல்லப்பட்ட உப்பு இல்லை" என்றேன். அம்மா சொல்லப்பட்ட கரண்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கரீம் பாய் படியேறி வந்தார். ஸ்டேஷனுக்குக் கிழக்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர். கெட்டியான மீசை, அதைவிடக் கெட்டியான குரல். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டுச் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் போய்த் தூண்டில் போடுவார். போட்டதும் தூங்கிவிடுவார். மீன் வந்து இரையைத் தின்றுவிட்டு நிம்மதியாகப் போய்விடும். வேறு யாராக இருந்தாலும் தூங்காமல் இருந்திருப்பார்கள். பாய், தூங்கினாலும் மீன் பிடிக்கிற தூண்டிலைக் கண்டுபிடித்தார்.

சார் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பாய் கொஞ்சமும் அசரவில்லை.

"கரையில ஒரு முளை அடிச்சிருக்கு சார். அதுல ஒரு ஸ்பிரிங். தூண்டில் கோலை வளைச்சு ஒரு கொக்கியில மாட்டி வைக்கிறேன். மீனு தூண்டில் நரம்பை இழுத்தா கொக்கி விட்டுடும். கோலு சட்டுனு மேல வரும், மீனும் கூட வரும். அந்த நேரம் சைக்கிள் பெல் அடிக்கும், நான் எழுந்துப்பேன். இந்தியாவிலேயே இப்படி ஒண்ணு கிடையாது."

"கடைசி வாக்கியம் வேண்டாம்" என்று சார் திரும்பினார். முதல் தடவையிலேயே திரும்பியதை அன்றுதான் பார்த்தேன்.

அதை இயக்கிப் பார்க்க வேண்டும் என்றார் சார். ஆபீசில் மீன் இல்லை. "நரம்பை நான் இழுக்கிறேன், மிஸ்டர் கரீம்" என்று சாரே முன்வந்தார். மெல்லத்தான் இழுத்தார். கோல் எழும்பியது, பெல் அடித்தது, சாரின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் அலமாரிக்கு மேலே உட்கார்ந்தது. என் மைப்புட்டி கவிழ்ந்தது. மூன்று நாள் வேலை கறுப்பாகிவிட்டது.

சார் கண்ணாடி இல்லாத கண்ணோடு என் பக்கம் திரும்பினார். பிறகு அமைதியாக, "மிஸ் எஸ்தர், 'மீன் இழுக்கும்போது' என்று எழுத வேண்டாம். 'மீனோ, மீனின் வேலையைச் செய்யும் வேறு எதுவோ இழுக்கும்போது' என்று எழுதுங்க" என்றார்.

அந்தத் தூண்டிலுக்குப் பேடன்ட் கிடைத்தது. படப்பை, செம்பரம்பாக்கம் பக்கமெல்லாம் ஓரளவு விற்கவும் செய்தது. பெல் சத்தத்தில் மற்ற மீன்கள் ஓடிவிடுகின்றன என்று ஒருவர் புகார் கொண்டுவந்தபோது, "மாட்டுற மீனுக்குத்தாங்க நான் பொறுப்பு" என்று பாய் சொல்லிவிட்டார்.

சில வருஷம் கழித்து, எழுபதுகளில், அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை மாடிக்குத் தூக்கிவர முடியாத சாமான். கீழே தெருவில் நின்றது. பழைய டிரைசைக்கிள் ஒன்றின் பின்பக்கம், தென்னங்குச்சியும் பனைநாரும் கட்டிய நீளமான உருளைத் துடைப்பம். வண்டி ஓடினால் சக்கரத்திலிருந்து ஒரு செயின் வந்து உருளையைச் சுற்றும். குப்பை தகரப் பெட்டிக்குள் போய் விழும்.

அதில் புதுமை ஒரு சீப்பு. தாம்பரம் மார்க்கெட் ரோட்டில் குப்பை என்றால் பாதி வாழைநாரும் பூ கட்டின நூலும்தான். அது உருளையில் சுற்றிக்கொண்டால் வண்டி நின்றுவிடும். உருளைக்கு மேலே இரும்புப் பற்களோடு ஒரு சீப்பைப் பொருத்தி, ஒவ்வொரு சுற்றிலும் நாரை வழித்து எடுக்கும்படி பாய் செய்திருந்தார். பேன் சீப்பைப் பார்த்து வந்த யோசனை என்று சொன்னார். விண்ணப்பத்தில் பேனைப் பற்றி எழுதவில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டு அரசிதழில் வெளியானது. வெளியானால் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சென்னையில் கைவண்டியும் குப்பைத்தொட்டியும் செய்கிற ஒரு பெரிய கம்பெனி தெரிவித்தது. சார் அதைப் படித்துவிட்டுப் பாயை வரச்சொன்னார்.

"மிஸ்டர் கரீம், விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே வண்டியை மார்க்கெட் ரோட்டுல ஓட்டினீங்களா?"

"பின்ன? ஓட்டாம எப்படி சார்? எல்லாரும் பார்த்தாங்க. கூட்டம் கூடிச்சு."

சார் கண்ணை மூடிக்கொண்டார். ஊரெல்லாம் பார்க்கப் பயன்பட்ட பொருள் புதிதல்ல, அதற்குப் பேடன்ட் கிடையாது. கம்பெனி பிடித்துக்கொண்டது அதைத்தான். ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. பொது இடத்தில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்கிற சாமானை, நியாயமான அளவுக்கு அங்கே சோதித்துப் பார்க்கலாம். தெருக்கூட்டும் வண்டியைத் தெருவில் சோதிக்காமல் சமையலறையிலா சோதிப்பது?

"அதனால அது சோதனைதான்னு நாம காட்டணும்" என்றார் சார். "வண்டி அப்போ சரியா ஓடல, ஓட வைக்கப் பார்த்துக்கிட்டிருந்தோம்னு சொல்லணும்."

பாயின் மீசை துடித்தது. "என் வண்டி ஓடலன்னு நான் சொல்லணுமா?"

"ஆமாம், மிஸ்டர் கரீம்."

"அப்ப எனக்குப் பேடன்டே வேணாம்" என்று எழுந்துவிட்டார். பாதிப் படி இறங்கியும் விட்டார்.

நான் பின்னாலேயே போய், "பாய், வண்டி நல்லா ஓடிச்சுன்னா நீங்க எதுக்குச் சீப்பு கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

படியிலேயே நின்று யோசித்தார். "அது கேள்வி" என்றார். மறுபடி ஏறி வந்தார்.

சோதனைக்குச் சாட்சி யார் என்று கேட்டபோது, அவர் முகம் இன்னும் சுருங்கியது. "முனியம்மாதான். ஆனா அது வாயைத் திறந்தா என் மானம் போயிடும்."

முனியம்மா மார்க்கெட் ரோட்டைக் கூட்டுகிறவள். மார்க்கெட் வியாபாரிகள் சங்கம் அவளை வேலைக்கு வைத்திருந்தது. பாய் வண்டியை மிதித்துக்கொண்டு முன்னால் போக, வண்டி விட்டுவிட்டுப் போவதைக் கூட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டியது அவள் பாடு. உருளையில் நார் சுற்றினால் கத்தியால் அறுத்து எடுப்பதும் அவள்தான். அவளிடம் வாக்குமூலம் வாங்கி வரும்படி சார் என்னை அனுப்பினார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசினாள்.

"நேத்து அந்தக் கம்பெனிக்காரனும் வந்துகினு போனான். வண்டி சோக்கா கூட்டிச்சுன்னு சொல்லுன்னான். நான் அப்படிச் சொன்னா சங்கத்துக்காரன் இன்னா கேப்பான்? வண்டியே சோக்கா கூட்டுது, முனிம்மா எதுக்குன்னு கேப்பான். என்னைத் தொரத்திடுவான். போய்யான்னுட்டேன்."

"அப்ப ஓடலைன்னு சொல்றீங்களா அக்கா? நடந்தது அதுதானே?"

"நடந்தது அதான். ஆனா ஓடலன்னு சொன்னா பாய்க்கு ஜெயம். ஜெயிச்சா அவுரு வண்டி செஞ்சு சங்கத்துக்கு விப்பாரு. அப்பவும் என் வேலை போயிடும். இப்படிச் சொன்னா இன்னிக்குப் போவும், அப்படிச் சொன்னா நாளைக்குப் போவும். இன்னா நாயம்மா இது?"

நேர்க்கோடு போடுவதற்குத்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். அங்கிருந்து எழுந்து வரும்போது, இத்தனை வருஷம் நான் படம் போட்ட இயந்திரங்களுக்குப் பின்னால் யாரெல்லாம் நின்றிருப்பார்கள் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன்.

சாரிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டுப் படியிறங்கினார். வழியில் பாயையும் கடையிலிருந்து அழைத்துக்கொண்டார். குழாயடியில் ஒரு கல்லின் மேல் கைக்குட்டையை விரித்து, முனியம்மாவுக்கு நேர் எதிரே, அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"மிஸஸ் முனியம்மா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை."

"தெரியலன்னு சொல்றதுக்கா இந்த வெயில்ல வந்தே?" என்றாள் அவள். பிறகு என்னிடம், "இவுரு இன்னாத்துக்கு என்னை மிசஸ்னுகினு கீறாரு?" என்று கேட்டாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் பாய் தொண்டையைக் கனைத்தார்.

"வண்டி இங்க வந்தா நீயே ஓட்டு."

"எனக்கு சைக்கிளே வராது."

"மூணு சக்கரம். விழாது."

"சங்கத்துக்காரன் என்னை ஏத்துவானா?"

"என் வண்டி. நான் பார்த்துக்கிறேன்."

முனியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வாயால சொன்னா ஆவாது. மொதல்ல ஓட்டக் கத்துக்குடு. அப்பால கைநாட்டு வெக்கிறேன்."

அந்த வாரம் முழுக்க, பகல் சாப்பாட்டு வேளையில் ரயில்வே மைதானத்தில் முனியம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் நேராகப் போய்ப் புதரில் விட்டாள். மறுநாள், திருப்பச் சொன்னால் இறங்கி வண்டியைத் தூக்கித் திருப்பினாள். மூன்று சக்கர வண்டி விழாது என்று பாய் சொன்னதை அவள் பொய்யாக்கியதையும் நான் பார்த்தேன். வாரக் கடைசியில் வளைவெல்லாம் எடுத்தாள். வந்து இறங்கி, பெருவிரலை நீட்டி, "எங்க அந்தப் பேப்பரு?" என்றாள்.

பேப்பரை எழுதும் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வாக்குமூலம் ஆங்கிலத்தில் போக வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொள்வேன், சார் ஆங்கிலமாக்குவார், நான் அதைத் தமிழில் திரும்ப அவளுக்குச் சொல்ல வேண்டும்.

"நாசமாப் போற வண்டி" என்று ஆரம்பித்தாள். சார் 'மேற்படி வண்டி' என்று எழுதினார்.

"அது நாலு அடி போறதுக்குள்ள நாரை சுத்திகினு நிக்கும். பேஜாராப் போச்சு."

சார் 'சிறிது தூரத்தில் தடைபட்டுக் கணிசமான சிரமம் உண்டாக்கிற்று' என்று எழுதினார். நான் திரும்பச் சொன்னேன்.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று முனியம்மா கோபித்துக்கொண்டாள். "பேஜார்னா பேஜார்தான். சிரமம்னா இன்னான்னு எனக்கே தெரியாது. தெரியாததுக்கு எப்படி விரல் வெக்கிறது?"

சார் பென்சிலைக் கடித்தார். அவர் இத்தனை காலம் அடைமொழிகளை அடித்துத் தள்ளியவர். ஆனால் சாட்சி சொன்னதை மாற்றக் கூடாது என்பதும் அவருடைய சட்டம்தான். கடைசியில் 'பேஜார்' என்பதை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி, அர்த்தத்தை அடிக்குறிப்பாகப் போட்டார்.

பாயைப் பற்றி அவள் சொன்ன இடங்கள் இன்னும் கஷ்டம். "வண்டி நின்னா அந்த ஆளு சக்கரத்தை உதைப்பாரு. அப்பால இந்தியாவிலேயே இப்படி வண்டி இல்லம்பாரு. நான் கத்தி எட்த்துகினு வந்து அறுப்பேன். ஒரு நாள் வண்டி வந்துச்சு, தலையில சீப்பு மாதிரி ஒண்ணு. அன்னிலேர்ந்து கத்திக்கு வேலை கொறைஞ்சுது."

சார் கையை உயர்த்தினார். "இதை ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க, மிஸ் எஸ்தர்."

விசாரணை பேடன்ட் ஆபீசின் சென்னைக் கிளையில் நடந்தது. மின்சார ரயிலில் நால்வரும் போனோம். பாய் இஸ்திரி போட்ட சட்டை. சார் வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினார். கேட்டதுக்கு மட்டும் பதில், இந்தியாவை இழுக்கக் கூடாது. பாய் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கம்பெனியின் வக்கீல் இனிமையான மனிதர். பாய்க்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"தாம்பரத்தில் உங்களைவிடக் கைதேர்ந்த மெக்கானிக் இல்லை என்று கேள்விப்பட்டேன்."

"அப்படித்தான் சொல்றாங்க" என்றார் பாய்.

"அப்படிப்பட்டவர் அரைகுறையாகச் செய்த வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவருவாரா?"

சார் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். பாயின் நெஞ்சு விரிவது பின்னாலிருந்தே தெரிந்தது.

"எப்படிங்க கொண்டுவருவேன்? கரீம் கையில ஓடாத வண்டி கிடையாது."

வக்கீல் புன்னகையோடு உட்காரப் போனார். பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"யோவ் பாய், நாரு சுத்திக்கினு நின்னப்போ யாரு கையில இருந்துச்சு அது?"

விசாரணை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வயதானவர், தமிழர், அதுவரை அதிகம் பேசாதவர். யார் அது என்று கேட்டார். சார் எழுந்து, "எங்கள் சாட்சி மிஸஸ் முனியம்மா. வாக்குமூலம் தாக்கல் செய்திருக்கிறோம்" என்றார். அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் படித்தார். அடிக்குறிப்பு வந்த இடத்தில் மூக்கைத் தடவிக்கொண்டார். பிறகு பாயிடமே கேட்டார்.

"வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடும் சார்." பாய் முனியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "நார் வர்ற வரைக்கும் ஓடும்."

"மார்க்கெட் ரோட்டில் நார் எப்போ வரும்?"

பாய் இஸ்திரி போட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எப்பவுமே இருக்கும் சார்."

"அதற்கு என்ன செய்தீர்கள்?"

அதற்குப் பிறகு பாயை நிறுத்த முடியவில்லை. கட்டையைக் கட்டிப் பார்த்தது, கத்தியைப் பொருத்தி உருளையையே அறுத்துக்கொண்டது, ஒரு முழு மாலை சிக்கிப் பூக்காரியிடம் திட்டு வாங்கியது, கடைசியில் சீப்பு. தன் தோல்விகளை ஒவ்வொன்றாக, தான் ஜெயித்ததைச் சொல்வதைவிட ருசியாகச் சொன்னார். வக்கீல் தடுக்கப் பார்த்தார். அதிகாரி, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. தெருவில் ஓட்டியது நியாயமான சோதனைதான், ஆட்சேபம் தள்ளுபடி, பேடன்ட் கொடுக்கலாம். சார் பாய்க்குப் படித்துக் காட்டினார். 'திரும்பத் திரும்பப் பழுதான இந்த வண்டி' என்று அதிகாரி ஒரு இடத்தில் எழுதியிருந்தார்.

"'திரும்பத் திரும்ப'ன்றதைச் சிவப்புப் பென்சில்ல அடிக்க முடியாதா சார்?" என்று பாய் கேட்டார். சர்க்கார் உத்தரவில் அடிக்க முடியாது என்று சார் வருத்தத்தோடு சொன்னார்.

பிறகு நான் எத்தனையோ இயந்திரங்களுக்குப் படம் போட்டேன். சாருடைய காலத்துக்குப் பின் சென்னையில் ஒரு பெரிய ஆபீசில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றேன். பாய் அந்த மாதிரி வண்டிகள் கொஞ்சம் செய்து மில்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விற்றார். பெரிய பணக்காரர் ஆகவில்லை, ஆனால் கடைக்கு மேலே ஒரு மாடி எழுந்தது. எனக்கு இவற்றிலெல்லாம் நன்றாக நினைவிருப்பது வியாபாரிகள் சங்கம் முதல் வண்டியை வாங்கிய நாள்தான்.

மார்க்கெட் வாசலில் வண்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். சங்கத்துச் செயலாளர் மண்டிக்காரர். அவருடைய மச்சான் வேலையில்லாமல் சும்மா இருந்தவன், பேன்ட் மாட்டிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். முனியம்மா துடைப்பத்தோடு ஓரமாக நின்றாள்.

"ஆம்பளை வண்டி. பொம்பளைக்கு எதுக்கு?" என்று செயலாளர் பாயிடம் சொன்னார்.

"சரிங்க" என்றார் பாய். குனிந்து, வண்டியை ஒரு தரம் சரிபார்க்கிறவர் போலப் பெடல் செயினைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தார். மச்சான் மிதித்தான். பெடல் மட்டும் சுற்றியது. கூடியிருந்த கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

செயலாளர் டீக்கடைக்கு வந்தார். "என்ன பாய், வண்டி ஓடலையே."

"ஓடாதுங்க" என்றார் பாய், மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி. டீயை ஊதினார். "அது ஓட்டத் தெரிஞ்சவங்க ஏறினாத்தான் ஓடும். ரொம்ப மோசமான வண்டி."

இன்னொரு டீ குடிக்கிற நேரம் பிடித்தது. பிறகு மச்சான் இறங்கினான். செயின் மாட்டப்பட்டது. முனியம்மா சேலையை இழுத்துச் செருகி, துடைப்பத்தை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறினாள். மண்டி வாசலிலிருந்து பூக்கடை வரைக்கும் ஒரே மூச்சில் போனாள். வளைவில் நானும் சாரும் நின்றுகொண்டிருந்தோம்.

"காலை எட்த்து வையிங்க மிஸ்டரு" என்றாள் சாரைப் பார்த்து.

சார் அவசரமாகப் பின்னால் நகர்ந்தார். அவர் நின்றிருந்த இடத்தையும் கூட்டிக்கொண்டு வண்டி போனது.